ஒரு கல்யாணச் சான்றிதழுக்குப் பதில் எட்டுக் காகிதம்: தன்பாலின இணையருக்கான ஆவணத் தொகுப்பு எவ்வளவு தாங்கும்?

திருமணத்தைப் பதிவு செய்துகொண்டு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வெளியே வரும் கணவன் மனைவியின் கையில் இருப்பது ஒரே ஒரு தாள். வாரிசுரிமை, குடும்ப ஓய்வூதியம், ஜீவனாம்சம், தத்தெடுப்பு, பத்திரச் செலவில் சலுகை, வரிவிலக்கு எல்லாம் அந்தத் தாளுக்குப் பின்னால் தானாக வந்து நிற்கும். பல இடங்களில் அதைக் காட்டக்கூட வேண்டியதில்லை. "என் வீட்டுக்காரர்" என்று சொன்னாலே போதும். இருபது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த இரண்டு பெண்களுக்கோ இரண்டு ஆண்களுக்கோ இந்தியாவில் அந்தத் தாள் கிடைக்காது. அந்த வெற்றிடத்துக்காகத்தான் வழக்கறிஞர்களும் இணையவழி ஆவணச் சேவைகளும் ஒரு தொகுப்பை விற்கிறார்கள். சேர்ந்து வாழும் ஒப்பந்தம், வங்கி நாமினேஷன், உயில், பவர் பத்திரம், மருத்துவ முன்விருப்ப ஆவணம், மனநலப் பிரதிநிதி நியமனம், சொத்துப் பத்திரம், குடும்ப அட்டை என்று எட்டுக் காகிதம். பெயர் ஆளுக்கொன்றாக இருக்கும், உள்ளே இருப்பது ஏறக்குறைய இதுதான். அதனால் எந்த நிறுவனத்தையும் எடைபோடாமல் காகிதங்களை எடைபோடுவோம்.

முதலிலேயே சொல்லிவிடலாம்: தொகுப்பு வாங்கத் தகுந்தது. ஆனால் விற்கப்படும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் எழுதிக் கொடுக்கப்படும் ஒப்பந்தம்தான் உள்ளதிலேயே பலவீனமானது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்கப்படும் உயில்தான் மற்ற எல்லாவற்றையும் தாங்கும் தூண்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்களின் விருப்பத் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின் பகுதியை நீக்கியது. 2023 அக்டோபர் 17 அன்று, தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கில், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். திருமணம் அல்லாத இணைவாழ்வைச் சட்டப்படி (civil union) அங்கீகரிப்பது, சேர்ந்து தத்தெடுப்பது ஆகியவற்றில் மூவர் ஒரு பக்கம், இருவர் ஒரு பக்கம், பெரும்பான்மை மறுத்துவிட்டது. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடி ஆயின. திருமணத்துக்குள் வரும் ஒரு வழியை மட்டும் அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது: திருநங்கை ஓர் ஆணையோ, திருநம்பி ஒரு பெண்ணையோ மணந்தால் இப்போதுள்ள சட்டத்திலேயே அது செல்லும். சென்னை உயர் நீதிமன்றம் 2019லேயே, திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டத்தின்படி மணமகள்தான் என்று சொல்லி ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டிருந்தது. உங்கள் நிலை இதுவானால் தொகுப்பை வாங்காதீர்கள். திருமணத்தைப் பதிவு செய்யுங்கள்.

முதல் காகிதம்: நோட்டரி போட்ட ஒப்பந்தம்

முத்திரைத்தாளில் இருவர் கையெழுத்து, நோட்டரி முத்திரை, சில இடங்களில் இருவரின் புகைப்படம். பார்ப்பதற்குத் திருமணச் சான்றிதழ் போலவே வடிவமைத்துத் தருகிறார்கள். இந்தத் தோற்றம்தான் ஆபத்து. ஒப்பந்தம் என்பது கையெழுத்திட்ட இருவரை மட்டுமே கட்டும். மருத்துவமனையையோ வங்கியையோ தாசில்தாரையோ உங்கள் அண்ணனையோ அது கட்டாது. இதைக் காட்டி எந்தச் சட்டத்திலும் "துணைவர்" என்ற தகுதி கேட்க முடியாது.

அதற்காகக் குப்பை என்று தள்ளிவிடவும் வேண்டாம். வீட்டு முன்பணம் யார் கொடுத்தது, கார் கடன் யார் கட்டுகிறார், பிரிந்தால் எந்தப் பொருள் யாருக்கு, ஒருவர் வேலையை விட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டால் அவருக்கு மாதம் எவ்வளவு என்று எழுதியிருந்தால், இருவருக்கிடையே அது செல்லுபடியாகும். திருமணமானவர்களுக்கு ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறது. இவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தின் பணப் பிரிவு ஒன்றுதான் இருக்கிறது. அன்பைப் பற்றிய பத்திகளைக் குறைத்துவிட்டு, ரூபாயும் தேதியும் பொருளும் உள்ள பட்டியலை இரண்டு பக்கம் நீட்டச் சொல்லுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு. தமிழ்நாட்டில் இதைவிட மேலான ஒன்றுக்கு விதை போடப்பட்டிருக்கிறது. இணையர் தங்கள் உறவைப் பதிவு செய்துகொள்ளும் குடும்பப் பிணைப்பு ஆவணம் என்ற ஒன்றை அரசு பரிசீலிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023இல் யோசனை சொன்னார். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு, குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஒரு தனியார் சேவை "குடும்பப் பிணைப்பு ஆவணம்" என்று தலைப்பிட்டு ஒரு தாளை விற்றால், தலைப்பால் மட்டும் அதற்குச் சட்டபலம் வந்துவிடாது.

வங்கிக் கணக்கும் நாமினியும்

இந்தப் பகுதி முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது. இணையர் சேர்ந்து கூட்டுக் கணக்கு தொடங்கவும், ஒருவர் மற்றவரை நாமினியாக்கவும் எந்தத் தடையும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியது. ரிசர்வ் வங்கியும் அதே மாதம் வங்கிகளுக்கு இதைத் தெரிவித்தது. கிளையில் தயங்கினால் அந்த விளக்கத்தின் நகலை நீட்டுங்கள். கணக்கை "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் வையுங்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் முறையில் வைத்தால் ஒருவர் மருத்துவமனையில் கிடக்கும்போது கணக்கு முடங்கும். நாமினேஷன் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பாஸ்புக்கிலும் வைப்புநிதி ரசீதிலும் நாமினேஷன் பதிவானதற்கான குறிப்பு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை, சதவீதம் பிரித்தோ ஒருவர் பின் ஒருவராகவோ நியமிக்கலாம். லாக்கருக்கு ஒருவர் பின் ஒருவர் முறை மட்டுமே. டீமேட், மியூச்சுவல் ஃபண்டில் பத்துப் பேர் வரை போகலாம்.

இங்கே தொகுப்பு விற்பவர்கள் மெல்லிய குரலில் சொல்லும், அல்லது சொல்லாமலே விடும் விஷயம் ஒன்று உண்டு: நாமினி உரிமையாளர் அல்ல. பணத்தை வங்கியிடமிருந்து வாங்கும் கை மட்டுமே அவர்; சட்டப்படியான வாரிசு கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆயுள் காப்பீட்டில் 1984லேயே, வங்கி வைப்பில் 2010இல், பங்குகளில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தத்துக்குப் பிறகு நாமினியே முழு உரிமையாளராகும் வசதி வந்தது. ஆனால் அது பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் மட்டும். இணையர் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே இணையரை நாமினியாகப் போட்டிருந்தாலும், அந்தப் பாலிசிப் பணம் இணையருக்கே என்று உயிலிலும் ஒரு வரி இருக்க வேண்டும். நாமினேஷனும் உயிலும் ஒரே பெயரைச் சொன்னால்தான் பூட்டு விழும்.

பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) தனியாகப் பேச வேண்டியது. பல தொகுப்புகள் இதைத் தொடுவதே இல்லை. தொட்டாலும் "முடியாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மை. விதிப்படி, குடும்பம் இருப்பவர் குடும்பத்துக்குள்தான் நியமிக்க வேண்டும். வெளியாளை நியமித்தால் செல்லாது. ஆனால் "குடும்பம்" யார் என்று விதியே சொல்கிறது: துணைவர், பிள்ளைகள், உறுப்பினரைச் சார்ந்து வாழும் பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவி மக்கள். திருமணமாகாத, பிள்ளையில்லாத ஒருவரின் அப்பா சொந்த ஓய்வூதியத்தில் வாழ்கிறார், அம்மாவும் அப்பாவைச் சார்ந்தே இருக்கிறார் என்றால் அந்தப் பெற்றோர் உறுப்பினரைச் சார்ந்தவர்கள் அல்ல. அப்போது விதியின்படி அவருக்குக் குடும்பம் இல்லை, யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். இணையவழி நாமினேஷனில் குடும்பம் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று தேர்ந்தெடுத்துவிட்டு இணையரின் ஆதார் விவரத்தையும் புகைப்படத்தையும் ஏற்றி, ஆதார் மின்கையெழுத்துப் போட்டு முடிக்க வேண்டும். கையெழுத்துப் போடாமல் விட்டால் பதிவே ஆகாது. பலருக்கு நடப்பது இதுதான்.

பி.எஃப்.போடு சேர்ந்து வரும் ஓய்வூதியத் திட்டத்தில் வழி இன்னும் அகலம். 1995 திட்டத்தில் குடும்பம் என்றால் துணைவரும் பிள்ளைகளும் மட்டும். பெற்றோர் அதில் சேர்த்தியில்லை. ஆகவே மணமாகாத, பிள்ளையில்லாத உறுப்பினர், தான் விரும்பும் ஒருவரை நியமிக்கலாம். உறுப்பினர் இறந்தால் அந்த நபருக்கு விதவை ஓய்வூதியத்துக்குச் சமமான தொகை கிடைக்கும். திருமணத்துக்கு மிக அருகில் வரும் உரிமை இது ஒன்றுதான், ஆனால் இதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு. இந்த வழியைக் கெடுப்பதும் ஒன்று உண்டு: வீட்டாரின் நெருக்கடியில் ஒருவருக்கு வேறு திருமணம் நடந்துவிட்டால் பழைய நாமினேஷன் அந்த நிமிடமே செல்லாததாகிவிடும்.

உயில்: தொகுப்பின் முதுகெலும்பு

உயில் இல்லாமல் இறந்தால் என்ன நடக்கும்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மணமாகாத, பிள்ளையில்லாத ஆணின் சொத்து முழுக்க அம்மாவுக்கு. அம்மா இல்லையென்றால் அப்பா, பிறகு உடன்பிறந்தோர், இப்படியே பட்டியல் நீள்கிறது. மணமாகாத பெண்ணின் சொத்து தாய் தந்தை இருவருக்கும். தூரத்துச் சொந்தம் ஒருவர்கூட இல்லையென்றால் அரசுக்குப் போகும். பட்டியலின் எந்த இடத்திலும் இணையர் வருவதில்லை. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்து கட்டிய வீட்டிலிருந்து, முகம் பார்த்தே இராத அண்ணன் மகன் வெளியேறச் சொன்னால், சட்டம் அவன் பக்கம் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே உயிலைத் தள்ளிப்போடாமல் எழுத வேண்டும்.

நல்ல செய்தி, உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், முத்திரைத் தீர்வை கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். எழுதியவர் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து, அவர்களும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இவ்வளவுதான் சட்டம் கேட்பது. ஆனால் நீதிமன்றத்தில் உயில் தோற்பது வேறு இடத்தில். இயற்கை வாரிசுகளை ஒதுக்கிவிட்டு வெளியாளுக்கு எழுதப்பட்ட உயிலை நீதிமன்றங்கள் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் காட்டுபவர் தலையில் விழும் என்பது 1959 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை. சட்டத்தின் கண்ணில் இணையர் வெளியாள். ஆகவே மற்றவர்களின் உயிலைவிட உங்கள் உயில் இரண்டு மடங்கு கனமாக இருக்க வேண்டும்.

கனம் எங்கிருந்து வரும்? அம்மாவுக்கோ தம்பிக்கோ ஏன் தரவில்லை என்பதை உயிலிலேயே மரியாதையான ஒரு பத்தியில் எழுதுங்கள்: "அவர்களுக்கு வசதி இருக்கிறது, இத்தனை ஆண்டுகளாக என்னோடு வாழ்ந்து என்னைப் பார்த்துக்கொண்டவர் இவர்." கோபத்தில் எழுதிய வரி நாளைக்கு மனநிலை சரியில்லை என்ற வாதத்துக்கு உதவும். தெளிந்த மனதோடு எழுதினார் என்று மருத்துவர் ஒருவர் அதே தேதியில் சான்று தரட்டும். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக, முகவரி மாறாதவர்களாக இருக்கட்டும். உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டியிருக்கும். இணையரும் அவருடைய சொந்தக்காரர்களும் சாட்சியாகக் கூடாது. இதைவிட முக்கியமானது: எழுதும்போதும் பதியும்போதும் இணையர் கூட இருக்கக் கூடாது. பயன் பெறுபவரே ஆவண எழுத்தரிடம் பேசி, பணம் கட்டி, கூடவே உட்கார்ந்திருந்தால், நீதிமன்றம் அதைச் சந்தேகச் சூழ்நிலையாகவே எடுத்துக்கொள்ளும். "இருவரும் ஜோடியாக வாருங்கள், ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்று அழைக்கும் சேவைகள் அன்பாகத்தான் அழைக்கின்றன; ஆனால் அது உயிலுக்குக் கேடு. தனித்தனி நாளில், தனித்தனியாகப் போங்கள்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதியுங்கள். பின்னால் "இது அவர் கையெழுத்தே இல்லை" என்ற வாதத்தை அது பெருமளவு அடைத்துவிடும். உயிலை நிறைவேற்றுபவராக இருவருக்கும் பொதுவான, நிதானமான ஒருவரை நியமியுங்கள். "இதில் குறிப்பிடாத, இனிமேல் சேரும் சொத்துகளும்" என்ற வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாத உயில்களில் பிறகு வாங்கிய மனை வாரிசுகளிடம் போய்விடும். இருவரும் ஒரே விபத்தில் இறந்தால் யாருக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். பூர்விகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. அவர்களுக்கு மீதி ஏற்பாட்டை வாழும்போதே செய்ய வேண்டியிருக்கும்.

வீடு, மனை: செலவில் தெரியும் வித்தியாசம்

திருமணத்துக்கும் இணைவாழ்வுக்கும் இடையிலான தூரத்தைப் பணத்தில் அளந்து பார்க்க வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகம்தான் இடம். தமிழ்நாட்டில் 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டைக் கணவர் மனைவிக்கு செட்டில்மென்ட் (விலையில்லாமல் சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதினால், முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000. ஆக 50,000 ரூபாயில் முடியும். அதே வீட்டை இணையருக்கு எழுதினால் ஏழும் இரண்டும் சேர்த்து ஒன்பது சதவீதம்: 4,50,000 ரூபாய். அதோடு நிற்காது. உறவினர் அல்லாதவரிடமிருந்து வரும் பரிசு ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வாங்கியவரின் வருமானமாகக் கணக்கிடப்படும். வருமான வரிச் சட்டத்தின் "உறவினர்" பட்டியலில் துணைவர் உண்டு, இணையர் இல்லை. வீட்டின் மதிப்பு முழுவதற்கும் அந்த ஆண்டு வரி கட்ட வேண்டும். இந்தப் பாகுபாட்டை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்தில் ஓர் இணையர் 2025இல் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். உயில் வழியாக வரும் சொத்துக்கோ, யாரிடமிருந்து வந்தாலும் இந்த வரி இல்லை. தொகுப்பில் "தானப் பத்திரம்" என்று ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லிவிட்டு உயிலைப் பலப்படுத்துவதே நல்லது.

இனிமேல் வாங்கப் போகும் வீடானால் தொடக்கத்திலேயே இருவர் பெயரிலும் வாங்குங்கள். அப்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. ஒன்று, யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே சதவீதமாக எழுதி, அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் போக வேண்டும். இரண்டு, ஒருவர் முழுப் பணமும் கொடுத்து மற்றவர் பெயரில் பதியவே கூடாது. கணவன் மனைவி பெயரில் வாங்கினால் பினாமிச் சட்டம் விலக்கு தருகிறது. இணையருக்கு அந்த விலக்கு இல்லை. சொத்து பறிமுதல் வரை போகும். அன்பினால் செய்யும் காரியம் குற்றமாகிவிடும் இடம் இது. மூன்று, இருவர் பெயரில் இருந்தாலும் ஒருவர் இறந்தால் அவர் பங்கு தானாக மற்றவருக்கு வந்துவிடாது, வாரிசுகளுக்குப் போகும். பட்டாவில் இருவர் பெயர் இருக்கிறதே என்று உயிலை விட்டுவிட்டால், நாளைக்குப் பாதி வீட்டுக்கு இன்னொரு குடும்பம் சொந்தக்காரர்களாக வந்து நிற்பார்கள்.

முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தப் பவர் பத்திரமும் அக்ரிமென்டும் போட்டு வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொல்லும் ஆவண எழுத்தர்கள் உண்டு. பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது. எழுதியவர் இறந்தால் பவரும் செத்துப்போகும். அவர் சுயநினைவை இழந்தாலும் அப்படியே. உடல்நலம் கெட்டால் உதவும் என்று நினைத்து வாங்கும் காகிதம், உடல்நலம் கெட்ட அன்றே காலாவதியாகிறது. ஊரில் இல்லாதபோது வங்கி வேலை, வரி வேலை பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை வாசலில்

தொகுப்பை வாங்குபவர்கள் அதிகம் பயப்படுவது இந்த வாசலைத்தான். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே "நீங்க பேஷண்டுக்கு என்ன உறவு?" என்று கேட்கும்போது என்ன பதில் சொல்வது?

நோயாளி நினைவோடு இருந்தால் அவர் சம்மதம் மட்டும்தான் சட்டப்படி தேவை. அந்த நேரத்தில் "என் சார்பில் தகவல் பெறவும் கூட இருக்கவும் இவருக்கு அனுமதி" என்று அவரே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துக் கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லலாம். காசு செலவில்லாத இந்தக் கடிதம், விலை கொடுத்து வாங்கும் "மருத்துவப் பவர்" பத்திரத்தைவிட உபயோகமானது. நினைவு போன பிறகு நிலைமை வேறு. அதற்காக இருப்பது மருத்துவ முன்விருப்ப ஆவணம். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று. பாதுகாவலர் என்று ஒருவருக்கு மேற்பட்டவரையும் அதில் பெயர் சொல்லி நியமிக்கலாம். அங்கே இணையர் பெயரைப் போடுங்கள். ஒரு நகல் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்: குணமாக வாய்ப்பில்லாத நிலையில் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்விக்குத்தான் இது பதில். கால் முறிந்த அறுவை சிகிச்சைக்கு இதைக் காட்டிப் பயனில்லை.

கோமாவில் கிடப்பவரின் வங்கிக் கணக்கையும் சொத்தையும் கையாள, சட்டம் மனைவிக்கும் தானாக அதிகாரம் தருவதில்லை; அவரும் உயர் நீதிமன்றம் போய்ப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டியிருக்கிறது. நீதிமன்றம் சட்டப்படியான துணைவரை நம்பும் வேகத்தில் இணையரை நம்புமா என்பதுதான் வித்தியாசம். முன்விருப்ப ஆவணம், கூட்டுக் கணக்கு, ஒரே முகவரி காட்டும் ஆதார் எல்லாம் அங்கே சாட்சியாக நிற்கும்.

தொகுப்பில் குறையே சொல்ல முடியாத காகிதம் ஒன்று இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வயது வந்த யாரையும், மனநலச் சிகிச்சை முடிவுகளில் உங்களுக்குத் துணை நிற்கும் நியமனப் பிரதிநிதியாக வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். அவர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். நீங்கள் நியமித்தவர்தான் முதலில், உறவினர்கள் அதற்குப் பிறகுதான். ரத்த உறவைவிட உங்கள் தேர்வை மேலே வைக்கும் இந்தியச் சட்டம் இது. பிள்ளையை "சரி செய்ய" வீட்டார் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்க முயலும் ஆபத்து இருப்பவர்கள், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை எழுதி வைக்க வேண்டும். எழுதித் தர யாரும் கட்டணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. பத்து வரிகளில் முடியும் வேலை.

சிறுநீரகம் போன்ற உறுப்பை இணையருக்குத் தர வேண்டி வந்தால், கணவன் மனைவி போல நெருங்கிய உறவினர் வரிசையில் வர முடியாது. பாசத்தின் அடிப்படையில் தருவதாக அங்கீகாரக் குழுவின் அனுமதி பெற வேண்டும். இறந்த பிறகு உடலைப் பெற்றுக்கொள்வது பற்றி மத்திய சுகாதார அமைச்சகம் 2024இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது: நெருங்கிய உறவினர் யாரும் இல்லாதபோது இணையர் உடலைக் கோரலாம். உறவினர் வந்து நின்றால் இந்தக் கடிதம் உதவாது. இறுதிச் சடங்கை யார் செய்ய வேண்டும் என்ற விருப்பத்தை உயிலில் எழுதாமல், தனிக் கடிதமாக வீட்டிலேயே வையுங்கள். உயிலைப் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

குடும்ப அட்டை பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இணையரை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று மத்திய அரசு 2024இல் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. பெற்றோர் அட்டையிலிருந்து பெயர் நீக்கிய சான்று இல்லாமல் புதிய விண்ணப்பம் நகராது, அதை முதலில் வாங்குங்கள். கிடைத்துவிட்டால் அரிசியைவிட, இருவர் பெயரும் ஒரே அட்டையில் இருக்கும் அரசு ஆவணம் என்பதே பெரிய லாபம்.

எந்தத் தொகுப்பாலும் தர முடியாதவை

இதை விற்பவர்கள் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியமும் கருணை அடிப்படையிலான வேலையும் இணையருக்கு வராது. பிரிந்தால் நீதிமன்றம் வழி ஜீவனாம்சம் கேட்க முடியாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் பெயர் ஏறாது. இருவரும் சேர்ந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. 2022 விதிகளின்படி தம்பதிக்கு இரண்டாண்டு நிலையான திருமண வாழ்வு வேண்டும். தனி நபராக ஒருவர் தத்தெடுக்கலாம், அதிலும் தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தர மாட்டார்கள். அப்படித் தத்தெடுத்த பின் மற்றவர் அந்தக் குழந்தைக்குச் சட்டப்படி யாருமில்லை. பெற்றோராகப் பதிவானவர் தன் உயிலில் இணையரைக் குழந்தையின் பாதுகாவலராக நியமித்து வைப்பதுதான் இருக்கும் ஒரே அரண். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தனித்தனி அனுமதிக் கடிதம் வேண்டும். வாடகைத் தாய் முறை 2021 சட்டப்படி மணமான தம்பதிக்கும், 35 முதல் 45 வயதுக்குட்பட்ட விதவை அல்லது விவாகரத்தான பெண்ணுக்கும் மட்டும்.

வீட்டார் காவல் நிலையத்தில் "காணவில்லை" என்று புகார் கொடுத்தால் ஒப்பந்தத்தைத் தேடாதீர்கள், தீர்ப்புகளைத் தேடுங்கள். இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் உத்தரவிட்டது. ஆட்கொணர்வு வழக்கில் மனதை மாற்றும் நோக்கத்தோடு நீதிமன்றமே ஆலோசனைக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது. இந்த இரண்டின் நகல்களையும் வயதுச் சான்றையும் கைப்பேசியில் வைத்திருங்கள். வீட்டுக்குள்ளேயே அடி விழுந்தால், பெண்கள் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பெற்றோர், அண்ணன் மீதும் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அதற்குத் திருமணம் தேவையில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு வரிசை இப்படி: மனநலப் பிரதிநிதி நியமனத்தை இன்று இரவே நீங்களே எழுதுங்கள். இந்த வாரம் நாமினேஷன்கள். இந்த மாதத்துக்குள் இரண்டு உயில்கள், தனித்தனியாகப் பதிந்து. அதன்பின் முன்விருப்ப ஆவணம். கடைசியாக ஒப்பந்தம். சேவை தருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நாமினிக்கும் வாரிசுக்கும் வித்தியாசம் என்ன, உயில் பதியும்போது இணையர் வரலாமா, பவர் எப்போது முடியும்? மூன்றுக்கும் சரியான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். முடிந்ததும் அசல் உயில்களை இருவருக்கும் பொதுவான லாக்கரில் மட்டும் வைக்காமல், நிறைவேற்றுபவரிடம் ஒரு நகலைக் கொடுங்கள். வேலை, வீடு, வங்கி எது மாறினாலும் நாமினேஷனை மறுபடி சரிபாருங்கள். பழைய நிறுவனத்தின் பணிக்கொடைப் படிவத்தில் போட்ட பெயர் புதிய நிறுவனத்துக்குத் தானாக வராது.